ரஜூலாவை ஓட்டியவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கப்பல் பயணங்களைப் பற்றித் தமிழ் இதழ்களில் அவ்வப்போது வரும் நினைவுக் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படிப்பவன் நான். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலா கப்பலைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். டிரங்குப் பெட்டி, பாய், ஊறுகாய் ஜாடியோடு டெக்கில் இடம் பிடித்தது, மூன்று நாள் வாந்தி எடுத்தது, நடுக்கடலில் அறிமுகமான குடும்பத்திலேயே பிறகு பெண் எடுத்தது, எல்லாம் அருமையாக இருக்கிறது, இன்னும் எழுத வேண்டும். ஆனால் இந்தக் கட்டுரைகள் எதைப் படித்தாலும் கப்பல் தானாகவே ஓடியது போலத்தான் இருக்கிறது. மிஞ்சிப் போனால் ஒரு வெள்ளைக்கார கேப்டன் வருவார். கீழே கரி அள்ளிப் போட்டவன், அதிகாலையில் டெக்கைக் கழுவியவன், ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு வடித்தவன், அத்தனை பேரின் கழிவறையையும் சுத்தம் செய்தவன், இவர்களில் ஒருவரும் வருவதில்லை. நான் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவர்களைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தக் கம்பெனி எவ்வளவு பெரியது என்று இன்றைய வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. 1856-இல் வில்லியம் மெக்கின்னன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் கொண்டுபோக ஆரம்பித்தது. 1862-இல் இந்தப் பெயருக்கு மாறியது. 1914-இல் பி அண்ட் ஓ கம்பெனியோடு இணைந்தது. 1920-களில் அதனிடம் 150-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. சென்னையிலிருந்து ரங்கூன், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, பம்பாயிலிருந்து பாரசீக வளைகுடா, மொம்பாசா, சான்சிபார், டர்பன், கல்கத்தாவிலிருந்து ஜப்பான் என்று இந்தியப் பெருங்கடலில் அந்தக் கம்பெனி போகாத துறைமுகம் குறைவு. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை, அதைத் தூரத்தில் பார்த்ததுமே பி.ஐ. கப்பல் என்று கரையில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கம்பெனிக்குத் தமிழ்நாட்டில் நல்ல பெயர் மட்டும் இல்லை, அதையும் மறக்கக் கூடாது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது இவர்களுக்கு எதிராகத்தான். கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லும் அளவுக்குப் போனது பி.ஐ. வ.உ.சி. சிறைக்குப் போனார், சுதேசிக் கம்பெனியும் சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. அப்படிப் பிடித்து வைத்துக்கொண்ட கடலில்தான் பிற்பாடு ரஜூலா ஓடியது.

சரி, ரஜூலாவுக்கு வருகிறேன். 1926-இல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் கட்டிய கப்பல் அது. எட்டாயிரத்துச் சொச்சம் டன். இன்றைய கணக்கில் சின்னக் கப்பல்தான். ஆனால் அதில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அப்போது உரிமம் கொடுத்திருந்தார்கள், அந்தக் காலத்தில் உலகத்தில் வேறு எந்தக் கப்பலுக்கும் அவ்வளவு கொடுத்திருப்பார்களா என்பதே சந்தேகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். 1973 வரை பி.ஐ. கொடியோடு ஓடி, பிறகு இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, ரங்கத் என்று பெயர் மாறி, அடுத்த வருடமே பம்பாயில் உடைக்கப்பட்டது.

இந்தக் கப்பலை நாம் தமிழர் கப்பல் என்றே சொல்கிறோம், ஏறி இறங்கியவர்களை வைத்துப் பார்த்தால் அது சரிதான். வேலை செய்தவர்களை வைத்துப் பார்த்தால் கதை வேறு. பி.ஐ. கப்பல்களுக்கு ஆள் எடுத்தது பெரும்பாலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும். கல்கத்தாவில் எடுத்தால் மேல்தள ஆட்கள் நவகாளி, சிட்டகாங், சந்துவீப் பக்கத்து முஸ்லிம்கள். எஞ்சின் ஆட்கள் சில்ஹெட் மாவட்டத்துக்காரர்கள். பம்பாயில் எடுத்தால் மேல்தளத்துக்கு ரத்னகிரி, கத்தியவார் கரையோரத்தவர்கள்; எஞ்சினுக்கு பஞ்சாபிகளும் பட்டாணியர்களும்; சாப்பாட்டு மேசைக்கும் அறைகளுக்கும் கோவாக்காரர்கள். தமிழர்களும் இருந்தார்கள், ஆனால் சொற்பம். ஆக நம் தாத்தா பாட்டியைப் பினாங்கில் கொண்டுபோய் இறக்கியது பெரும்பாலும் கிழக்கு வங்கத்து ஆற்றோரக் கிராமங்களின் விவசாயப் பிள்ளைகள். இதைச் சொன்னால் பல பேருக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

மேல்தளத்தில் ஆட்களுக்குத் தலைவராகச் சாரங், அவருக்குக் கீழே டிண்டல், சாமான் அறைக்குக் கசாப், சுக்கான் பிடிக்கச் சுக்கானி, மற்றதற்கெல்லாம் கலாசி. எஞ்சினில் இன்னொரு சாரங், இன்னொரு டிண்டல், எண்ணெய் விடத் தேல்வாலா, நெருப்புக்கு ஆக்வாலா, கரி கொண்டுவரக் கோய்லாவாலா. சாப்பாட்டுப் பக்கம் பட்லர், சமைக்கப் பண்டாரி, கடைசியாகக் கழிவறை சுத்தம் செய்யத் தொப்பாஸ். அதிகாரி கலாசியோடு நேரடியாகப் பேசவே மாட்டார். எல்லாம் சாரங் வழியாகத்தான். ஆள் பிடிப்பதும் பெரும்பாலும் சாரங்தான், தன் ஊர், தன் சொந்தம் என்று கூட்டி வருவார். அதனால் ஒரு கப்பலின் எஞ்சின் அறைக்குள் பக்கத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரர்களே நிறைந்திருப்பார்கள். கூட்டி வந்த கூலியையும் அவர் வாங்கிக்கொள்வார், கரையில் வேலைக்குக் காத்திருந்த மாதங்களில் தங்கவும் தின்னவும் கடன் கொடுத்தவரும் வாங்கிக்கொள்வார், பயணம் முடிந்து ஊர் போகும்போது கையில் எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் எழுபதுகளில் ஐந்தாவது எஞ்சினியராகச் சேர்ந்தபோது, எங்கள் கப்பலில் எஞ்சின் சாரங்காக இருந்தவர் கல்கத்தா கிதிர்பூரில் குடியிருந்த பெரியவர். இளம் வயதில் கரிக் கப்பலில் ஆக்வாலாவாக இருந்தவர். ஐந்தாவது எஞ்சினியரை எல்லாக் கப்பலிலும் பாஞ்ச் சாப் என்பார்கள், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் அவரை சாரங் சாப் என்பேன். எங்கள் கப்பலில் டீசல் எஞ்சின். அவர் அதை ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. இரவு வாட்ச்சில், அதாவது இரவு முறை வேலையில், டீ குடிக்கும்போது பழைய கதை சொல்வார், அதில் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதை எந்த நினைவுக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை.

கரிக் கப்பலில் பாய்லருக்குப் பொதுவாக மூன்று உலை வாய். ஒரு ஆக்வாலாவுக்கு இரண்டு மூன்று வாய்கள் பொறுப்பு. நான்கு மணி நேர வாட்ச், எட்டு மணி நேர ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம். கரியை வாரி இறைப்பது வேலை இல்லை, யார் வேண்டுமானாலும் இறைக்கலாம். உலைக் கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து நீராவி இறங்கும். அதனால் திறந்த கையோடு நாலைந்து ஷவல் கரியை நெருப்பின் மேல் ஒரே கனமாகப் படிகிற மாதிரி வீசிவிட்டுக் கதவை அறைந்து சாத்த வேண்டும். ஒரு மூலையில் குவிந்தால் அங்கே நெருப்பு அமுங்கும், இன்னொரு மூலையில் ஓட்டை விழும். கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் இதைச் செய்ய வேண்டும். கால் எங்கே, இடுப்பு எங்கே, ஷவல் பிடி தொடையில் எங்கே ஊன்ற வேண்டும் என்று சாரங் சாப் எழுந்து நின்று வெறுங்கையால் வீசிக் காட்டினார். அறுபதை நெருங்கிய அந்த உடம்பு அந்த அசைவை அப்படியே வைத்திருந்தது.

அதைவிடக் கொடுமை கிட்டம் எடுப்பது. நம் ஊர்க் கப்பல்களில் அதிகம் எரித்தது வங்காளக் கரி, அதில் சாம்பல் அதிகம். எரிந்து உருகி உலைக் கம்பிகளின் மேல் பாறையாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வாட்ச்சிலும் ஏதாவது ஒரு நெருப்பைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான இரும்புக் கம்பியை உள்ளே விட்டு நெம்பி, செக்கச் சிவந்த கட்டிகளைத் தன் காலடியிலேயே இழுத்துப் போட வேண்டும். கோய்லாவாலா அதன் மேல் கடல் தண்ணீரை ஊற்றுவான். குப்பென்று கந்தக நெடியோடு ஆவி எழும்பும், மூச்சு விட முடியாது, கண் தெரியாது. ஆவி அடங்குவதற்குள் அந்த உலையில் புது நெருப்புப் பரப்பி நீராவியை மறுபடி ஏற்றியாக வேண்டும், நீராவி அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் மேலிருந்து எஞ்சினியர் கத்துவார். அப்புறம் அந்தச் சாம்பலை வாளி வாளியாக மேலே ஏற்றிக் கடலில் கொட்ட வேண்டும். செங்கடலில், காற்றும் கப்பலும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகிற நாட்களில், காற்றுக் குழாய் வழியாகத் துளிக் காற்று வராது. சூடு தாங்காமல் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கி வந்து டெக்கில் கிடத்தித் தண்ணீர் ஊற்றுவார்கள், வெறி பிடித்தாற்போல் ஓடிவந்து கடலில் குதித்தவர்களும் உண்டு என்றார். சொல்லும்போது குரல் ஒன்றும் மாறவில்லை. அவருடைய ஊர்க்காரன் ஒருவன் அப்படிப் போயிருக்கிறான்.

மேல்தள வேலை இவ்வளவு கொடுமை இல்லை, ஆனால் முடிவே இல்லாத வேலை. அதிகாலையில் டெக் கழுவ வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் படுத்திருக்கும் டெக்கை எப்படிக் கழுவுவது? ஒரு பக்கத்தை எழுப்பி, பாயைச் சுருட்டச் சொல்லி, பெட்டியை நகர்த்தி, கழுவித் துடைத்துவிட்டு அடுத்த பக்கம். பயணிகளுக்கு இது கலாசி தூக்கத்தைக் கெடுத்ததாக நினைவிருக்கும். துரு சுரண்டுவது, மறுபடி துரு ஏறாமல் இருக்கச் செந்தூரப் பூச்சு அடிப்பது, அதன் மேல் பெயின்ட் அடிப்பது, ஒரு முனையில் முடிப்பதற்குள் மறுமுனையில் துரு ஏறியிருக்கும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் ஆட்களும் சரக்கும் வர வேண்டும். அலை அடிக்கிற நாளில் ஏணியின் அடியில் நின்று குழந்தைகளையும் கிழவிகளையும் கைப்பிடித்துத் தூக்கி ஏற்றியவன் இந்தக் கலாசிதான்.

சமையலில், இந்துப் பயணிகளுக்கு ஒரு பக்கம், முஸ்லிம் பயணிகளுக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக நடந்தது. சாப்பாடு சரியில்லை என்ற புகாரை எல்லாக் கட்டுரையிலும் படிக்கிறேன், சரியில்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஆடுகிற கப்பலில், கொதிக்கிற அண்டாக்களுக்கு நடுவில், விடிவதற்கு முன்னே தொடங்கி ஒரு சிறிய ஊருக்கே சோறு வடித்த பண்டாரியின் பக்கத்தையும் யாராவது கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

தொப்பாஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடல் கொந்தளிப்பில் டெக் முழுக்க வாந்தி, கழிவறையெல்லாம் நிரம்பி வழியும் நாட்களில் வாளியும் துடைப்பமுமாக இறங்கியவர் அவர். கரையில் யாரை அந்த வேலைக்கு ஒதுக்கினார்களோ அதே சாதியிலிருந்துதான் கப்பலிலும் எடுத்தார்கள். மற்ற சிப்பந்திகளோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டார். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று பயந்து பிராயச்சித்தம் செய்துகொண்ட நம் பெரியவர்கள் பயணம் செய்த அதே கப்பலில், தொப்பாஸுக்கு மட்டும் அது போகவே இல்லை. அம்மையோ காலராவோ கண்டால் சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் பினாங்கில் ஜெரெஜாக் தீவிலும் பயணிகளை இறக்கித் தனிமைப்படுத்துவார்கள். அதற்கு முன் கப்பலில் அந்த நோயாளிகள் கிடந்த இடத்தை யார் கழுவியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இத்தனைக்கும் சம்பளம் என்ன? அதே வேலைக்கு வெள்ளைக்கார மாலுமிக்குக் கொடுத்ததில் கால் பங்கு அளவில், பல சமயம் அதற்கும் கீழே. படுக்கும் இடத்தைச் சட்டமே அளந்து வைத்திருந்தது. 1906-இல் வந்த பிரிட்டிஷ் சட்டம் வெள்ளைக்கார மாலுமிக்கு ஆளுக்கு 120 கன அடி என்று உயர்த்தியது. லஸ்கர் என்று அவர்கள் அழைத்த நம் ஆட்களுக்குப் பழைய 36 கன அடியே போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம், கணக்குப் பார்த்தால் அவ்வளவுதான் வரும். சவப்பெட்டி அளவு. இந்தச் சிக்கனத்தில்தான் பி.ஐ. மாதிரிக் கம்பெனிகள் கொழித்தன என்பது என் திடமான அபிப்பிராயம். ஆங்கிலத்தில் இந்தக் கம்பெனிகளைப் பற்றி வந்திருக்கும் எழுத்துகள் பலவற்றில் இதை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பிரிட்டனின் துறைமுகங்களில் நின்ற இந்தியச் சிப்பந்திகள், சம்பளத்தை இரட்டிப்பாக்காமல் கப்பலில் ஏற மாட்டோம் என்று நின்றார்கள். நூற்றுக்கணக்கானவர்களை அங்கேயே சிறையில் போட்டார்கள். அப்படியும் சம்பளம் உயர்ந்தது, அவர்கள் நின்றதால்தான் உயர்ந்தது.

போரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரஜூலாவுக்கு ஒரு சகோதரக் கப்பல் உண்டு, ரோனா. அதுவும் 1926-இல் கட்டப்பட்டது, அதுவும் இதே சென்னை, சிங்கப்பூர் தடத்தில் ஓடியது. போரில் இரண்டையுமே படைகளை ஏற்றிச்செல்ல எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஜெர்மன் விமானம் ஒன்று ரேடியோவால் இயக்கிய குண்டு ரோனாவைத் துளைத்தது. 1,015 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அமெரிக்காவில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, பிழைத்தவர்கள் சங்கம் வைத்து ஆண்டுதோறும் கூடினார்கள். அந்தக் கப்பலின் சிப்பந்திகளிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். நம் பக்கத்தில் ஒரு கூட்டம் கூட நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் போரில் மொத்தம் சுமார் 6,600 இந்தியக் கப்பல் சிப்பந்திகள் உயிரிழந்தார்கள். அவர்கள் பெயர்கள் கல்லில் இல்லை. மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டிருக்கும் பதிவேட்டில் இருக்கின்றன. முதல் உலகப் போரில் இறந்த வங்காளம், அஸ்ஸாம், வட இந்தியாவைச் சேர்ந்த 896 பேருக்காகக் கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையோரம் 1924-இல் ஒரு நினைவுத் தூண் கட்டினார்கள், அது இன்றும் நிற்கிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ நாகையிலோ அப்படி ஒன்று இல்லை.

இவ்வளவு சொன்னதால் அந்த வாழ்க்கை முழுக்கத் துன்பம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், சாரங் சாப் கேட்டால் கோபித்துக்கொள்வார். தான் வேலை செய்த கப்பல்களின் பெயரைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்காருவார். எந்தக் கப்பலின் பாய்லர் எந்தக் கரிக்கு எப்படி அடம் பிடிக்கும், எந்த எஞ்சினியர் சாப் தானே இறங்கி ஷவல் பிடிப்பார் என்று எல்லாம் ஞாபகம் வைத்திருந்தார். தான் பிடித்த நெருப்பில் ஒரு நாளும் முள் இறங்கியதில்லை என்பார். மொம்பாசாவும் கோபேயும் அவர் வாயில் பக்கத்துத் தெரு போல வரும். ஏமாற்றியது கம்பெனி, ஆனால் அந்தத் திறமையும் அந்தப் பெருமையும் அவருடையவை.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ரஜூலாவைப் பற்றியோ அதற்குப் பின் அதே தடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலைப் பற்றியோ கட்டுரை வரும்போது, பயணிகளோடு கப்பலில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களையும் தேடிக் கேட்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைவு என்றாலும் நாகூர், காரைக்கால், தூத்துக்குடி, ராயபுரம் பக்கங்களில் அப்படிக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பழைய பெட்டியில், சொத்துப் பத்திரங்களுக்கு அடியில், நல்லி என்று அவர்கள் சொல்லும் கப்பல் சிப்பந்திப் புத்தகம் கிடக்கும். முதல் பக்கத்தில் போட்டோ, கைரேகை, உடம்பில் உள்ள அடையாளம். உள்ளே ஒவ்வொரு வரியிலும் கப்பல் பெயர், ஏறிய தேதி, இறங்கிய தேதி, என்ன வேலை, எதிரே நடத்தை பற்றி ஒரு முத்திரை. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று வாசகர்களிடம் சொல்லுங்கள். அந்தப் புத்தகத்தில் கப்பல் பெயரும் ஆண்டும் இருந்தால் மேற்கொண்டு தேட வழி இருக்கிறது. பிரிட்டிஷ் கப்பல்களின் சிப்பந்திப் பட்டியல்களில் பெரும் பகுதி கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, 1915-ஆம் ஆண்டுப் பட்டியல்களை இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். நம் ஆட்களின் பெயர்களைக் கன்னாபின்னாவென்று எழுதி வைத்திருப்பார்கள், பொறுமையாகத் தேட வேண்டும்.

புத்தகத்தின் பக்கங்களைப் போட்டோ எடுத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி ஒரு அறிவிப்பு போட்டால் போதும். வருவதை வகைப்படுத்தி, கப்பல் பெயர், வேலை, துறைமுகம் எல்லாவற்றையும் படித்துச் சொல்ல நான் தயார், என்னைப் போல இன்னும் சில பழைய கப்பல்காரர்களும் இருக்கிறார்கள். சீக்கிரம் செய்ய வேண்டும், கரிக் கப்பலை நேரில் கண்ட ஆக்வாலா யாரும் இனி கிடைக்கப் போவதில்லை, அவர்களிடம் கதை கேட்ட பிள்ளைகளுக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது.

இப்படிக்கு,
கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற வாசகர்